பிர்காவில் பாக்கி இல்லாத ஒரே ஆள்

பெரம்பலூர் செல்லக்கண்ணு முறைப்படி நொடித்துப் போக நான்கு மாதமும் நானூற்றுப் பத்து ரூபாயும் பிடித்தன. முறையில்லாமல் நொடித்துப் போனது அதற்கு முன்பே, செலவில்லாமல் நடந்து முடிந்திருந்தது.

அவனுக்கு மைக் செட் வாடகைக்கு விடும் தொழில். ஒரு ஆம்ப்ளிபயர், நான்கு ஒலிபெருக்கிக் குழாய், அறுபது இசைத்தட்டு, நாற்பது டியூப் லைட். ரஞ்சன்குடியிலிருந்து எறையூர் வரைக்கும் காதுகுத்து, சடங்கு, மாரியம்மன் திருவிழா எதுவானாலும் அவன் செட்தான் பாடும். எண்பதாம் வருஷம் இரண்டு தேர்தல் வந்தன. கரண்ட் இல்லாத ஊர்களிலும் கூட்டம் நடக்கும் என்று கணக்குப் போட்டு, கடன் வாங்கி ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்கினான். இரண்டு தேர்தலிலுமாக ஐந்து வேட்பாளர்கள் அவன் மைக்கில் பேசினார்கள். வாடகை கேட்கப் போனபோது, தோற்றவர்கள் கண்ணில் படவில்லை. ஜெயித்தவரைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் மழையும் இல்லை. காய்ந்த ஊரில் திருவிழா வைக்க ஆளில்லை. ஜெனரேட்டரை விற்று வட்டியைக் கட்டினான். அசல் அப்படியே நின்றது.

எண்பத்து மூன்று சித்திரையில் அவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் பதினோரு பேர். பத்துப் பேர் வட்டிக்குக் கொடுத்தவர்கள். ஒருத்தி மட்டும் பாப்பாயி. பழைய பஸ் ஸ்டாண்டில் இட்லிக் கடை வைத்திருந்தவள், புருஷன் இல்லாதவள். சீட்டு எடுத்த அறுநூறு ரூபாயை, "மெதுவாக் குடு தம்பி" என்று இலையில் சுற்றிக் கொடுத்திருந்தாள். எழுத்து எதுவும் இல்லை.

செல்லக்கண்ணுவால் ஒரு இடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. கடைத்தெருவில் ஒரு கடன்காரரைப் பார்த்தால் சந்துக்குள் நுழைவான். சந்தில் இன்னொருவர் நிற்பார். நிற்கிற பஸ்ஸில் ஏறிக்கொள்வான். துறையூர் போய் இறங்கி, டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவான். வீட்டில் சோறு போட்டு வைத்தால் தட்டோடு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பான். அவன் மனைவி அமிர்தவல்லி ஒருநாள் சொன்னாள்:

"நீங்க ஓடுற ஓட்டத்துக்குப் பஸ்காரன் சம்பளமாச்சும் குடுக்கணும். அரியலூர்ல யாரோ வக்கீல் இருக்காராம். ஐ.பி. போட்டா தொந்தரவு வுட்டுடும்னு சொல்றாங்க. போய்க் கேட்டுட்டு வாங்க."

ஐ.பி. என்பது, என்னால் கடனைக் கட்ட முடியவில்லை என்று ஒருவன் கோர்ட்டில் போடும் மனு. அதன்பேரில் கடன் கொடுத்தவர்களுக்குப் போகும் நோட்டீஸைத்தான் ஊரில் மஞ்சக் கடுதாசி என்பார்கள்.

வக்கீல் உத்திராபதி, அரியலூரில் ஒரு மாடியில் இருந்தார். செல்லக்கண்ணு சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "கையில எவ்வளவு இருக்கு?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"ஒண்ணும் இல்லாம எப்படிய்யா ஐ.பி. போடுவே? நொடிச்சுப் போறதுக்கும் ஒரு வசதி வேணும். ஸ்டாம்பு இருக்கு, டைப் இருக்கு, பதினோரு பேருக்கு நோட்டீஸ் இருக்கு, பேப்பர்ல விளம்பரம் இருக்கு. என் பீஸு இருக்கு."

செல்லக்கண்ணுவின் இடுப்பு மடிப்பில் இருநூறு ரூபாய் இருந்தது. எறையூர் மில் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் பழைய பாக்கியாக வந்தது. பாப்பாயிக்குக் கொடுக்க வைத்திருந்தான். அதையும் சொன்னான்.

உத்திராபதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தத் தப்பை மட்டும் செஞ்சுடாதே. ஒருத்தருக்குக் குடுத்துட்டு மத்தவங்களுக்குக் குடுக்காம வுட்டா, அது மோசடி."

"யாருக்குமே குடுக்காம வுட்டாங்க?"

"அது சட்டம்."

இருநூறு ரூபாயை அவரே வாங்கி மேஜைக்குள் வைத்து, மோசடி நடக்காமல் தடுத்தார். மீதி இருநூற்றுப் பத்துக்குச் செல்லக்கண்ணு சைக்கிள் கடைக்காரரிடம் கடன் வாங்கினான். கடன் கொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர் ஆகிவிட்டதால், டைப் அடித்த பட்டியல் தப்பாகிவிட்டது. எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது.

"உங்க பீஸ்ல பாக்கி நிக்குதே, அதையும் பட்டியல்ல சேக்கணுங்களா?" என்று கேட்டான்.

"அது கடன் இல்லப்பா. அது மரியாதை" என்றார் உத்திராபதி. மரியாதையைக் கோர்ட்டால் தள்ளுபடி செய்ய முடியாது என்றும் விளக்கினார்.

மஞ்சக் கடுதாசி பெரம்பலூருக்கு வந்த அன்று, கடன் கொடுத்தவர்கள் அவன் வாசலில் வந்து கத்திவிட்டுப் போனார்கள். பாப்பாயி மட்டும் மத்தியானக் கூட்டம் முடிந்தபிறகு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"தபால்காரர் குடுத்தாரு. ஒம் பேரு போட்டிருக்குன்னாரு. யாருக்கு தம்பி கல்யாணம்? ஒந் தங்கச்சிக்கா?"

செல்லக்கண்ணு திரும்பிக்கொண்டான். அமிர்தவல்லிதான் சொன்னாள்: "கல்யாணம் இல்லக்கா. ஒங்க காச இனிமே குடுக்க வேண்டியதில்லன்னு கோர்ட்ல எழுதிக் கேட்டிருக்கோம்."

பாப்பாயி அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "இதுக்கு எதுக்கு கோர்ட்டு? எங்கிட்ட சொல்லியிருந்தா நானே இன்னும் நாலு மாசம் பொறுத்திருப்பேனே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு செல்லக்கண்ணு பஸ் ஸ்டாண்டின் அந்தப் பக்கம் போகவில்லை. பஸ் ஏற வேண்டுமானால் அடுத்த நிறுத்தம் வரை நடந்து போய் ஏறினான்.

ஆவணி மாதம் கோர்ட் நியமித்த ரிசீவர் வந்தார். நொடித்தவன் சொத்தைக் கைப்பற்றி விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. ஒரு குமாஸ்தாவும் ஒரு மாட்டு வண்டியும் கூட வந்தன. அவர் சமையல் பாத்திரங்களை எண்ணினார். பாயைத் தூக்கிப் பார்த்தார். சட்டப்படி இவற்றை எடுக்கக் கூடாது என்று பெருந்தன்மையாகச் சொன்னார். பிறகு ஆம்ப்ளிபயரிடம் வந்தார்.

"இது என்னா?"

"என் தொழில் சாமானுங்க. தொழில் சாமானையும் எடுக்கக் கூடாதுன்னு வக்கீல் சொன்னாருங்க."

"கைவினைஞனோட கருவியை எடுக்கக் கூடாது. நீ கைவினைஞனா?"

"மைக் செட்டுங்க."

"கையால என்ன செய்வே?"

"சுவிட்ச் போடுவேனுங்க."

"அப்புறம்?"

"ரெக்கார்டைத் திருப்பிப் போடுவேனுங்க."

ரிசீவர் குமாஸ்தாவைப் பார்த்தார். "எழுதிக்க. மனுதாரர் கையால் எதுவும் செய்வதில்லை."

பொருள் நல்ல நிலையில் இருப்பதாக அவர் சான்று எழுத வேண்டியிருந்தது. அதனால் செட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார். குழாயைக் கூரையில் கட்டி, வயரை மாட்டி, மைக்கை அவர் கையில் கொடுத்தான் செல்லக்கண்ணு. "ஹலோ" என்றார். தெருக்கோடியில் "ஹலோ" கேட்டது. அவர் முகம் மாறியது. இருபத்தாறு வருஷம் பிறர் பேசுவதைக் கேட்டே பொழுதைக் கழித்த மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. இந்த வீட்டில் சட்டம் இப்போது தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது. கடனாளிக்குக் கருணை காட்டுவதே இந்தச் சட்டத்தின் நோக்கம். அந்தக் கருணையோடுதான் சாமான்களை வண்டியில் ஏற்றுகிறோம். ஒருவன் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று சொன்னால் உடனே நம்பிவிட நாங்கள் அப்பாவிகள் அல்ல. நாங்களே நேரில் வந்து, ஒன்றும் இல்லாமல் செய்து பார்த்த பிறகுதான் நம்புவோம்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் முப்பத்தைந்து நிமிஷம் பேசினார். நேர்மை, சிக்கனம், தம் மாமனாரின் குணநலன்கள் ஆகியவற்றைத் தொட்டார். கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்து, "சாமி, செட்டு நல்லா எடுக்குதுங்க. அடுத்த மாசம் எங்கூர்ல காதுகுத்து. கெடைக்குமா?" என்று கேட்டார்.

"கோர்ட்டில் மனு போடுங்கள்" என்றார் ரிசீவர், மைக்கிலேயே.

வண்டி கிளம்பியபோது செல்லக்கண்ணு பின்னாலேயே நடந்தான். "ஒரு குழாய்க்கு ஸ்குரு லூசா இருக்குங்க, பாத்து வைங்க" என்று நான்கு ரோடு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனான். எந்தக் குழாய் என்று வண்டிக்காரன் கேட்கவில்லை. அமிர்தவல்லி போய் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

செட் ஒன்றரை வருஷம் ஒரு அறையில் பூட்டிக் கிடந்து, பிறகு எழுநூறு ரூபாய்க்கு ஏலம் போனது. வண்டி வாடகை, அறை வாடகை, ஏல விளம்பரம், ரிசீவர் கமிஷன் எல்லாம் போக நூற்று இருபத்து மூன்று ரூபாய் மிஞ்சியது. அதைப் பன்னிரண்டு பேருக்கும் கடன் விகிதப்படி பிரித்தார்கள். பாப்பாயியின் பங்கு எட்டு ரூபாய் இருபது காசு. அதை நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. முதல் தடவை குமாஸ்தா லீவு. இரண்டாம் தடவை, அவள்தான் பாப்பாயி என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். மூன்றாம் தடவை கொடுத்தார்கள். பஸ் செலவு பன்னிரண்டு ரூபாய் ஆயிற்று. மூன்று நாள் கடை மூடியிருந்தது தனி.

இந்தக் காலமெல்லாம் செல்லக்கண்ணு அடுத்தவர் மைக் செட்டுக்குக் கூலிக்குப் போனான். கோர்ட் இன்னும் அவனை விடுவிக்கவில்லை. விடுவிக்கும் வரை, யாரிடமாவது ஐம்பது ரூபாய்க்குமேல் கடன் கேட்டால் தன் நிலைமையை அவரிடம் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் வாங்கினால் ஜெயில் என்று உத்திராபதி எச்சரித்திருந்தார். செல்லக்கண்ணு பயந்த சுபாவம். ஐம்பதா, ஐந்தா என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் சொன்னான். டீக்கடையில் கணக்கில் ஒரு டீ கேட்டால்கூட, "நான் கோர்ட்டால விடுவிக்கப்படாத நொடிச்ச ஆளுங்க, ஒரு டீ" என்பான். கடைக்காரர் முதலில் பயந்தார். பிறகு பழகிவிட்டது. "நொடிச்சதுக்கு ஒரு டீ, சக்கரை தூக்கலா" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

விடுதலை மனு ஏழு வாய்தா ஓடியது. எண்பத்தைந்து ஐப்பசியில் உத்தரவு கிடைத்தது. இனி அவனுக்கு யாரிடமும் பாக்கி கிடையாது என்று அதில் எழுதியிருந்தது. அவன் அதை உறை போட்டு வைத்துக்கொண்டான். ஆனாலும் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்த மாசி மாதம், மருதையாற்று ஊரக வளர்ச்சி வங்கியின் கிளை மேலாளர் நல்லதம்பி பெரும் கவலையில் இருந்தார். பங்குனி முடிவதற்குள் எண்பது பேருக்குக் கறவை எருமைக் கடன் கொடுத்துவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கடன் கேட்பவர்கள் ஒன்பது இடத்தில் "பாக்கி இல்லை" சான்று வாங்கி வர வேண்டும். கேட்டவர்கள் அனைவருக்கும் எங்காவது ஒரு இடத்தில் பாக்கி இருந்தது. பாக்கி இருந்ததால்தான் அவர்கள் கடன் கேட்டார்கள்.

செல்லக்கண்ணு ஒரு ஆம்ப்ளிபயர் வாங்கக் கடன் கேட்டுப் போனான். நல்லதம்பி அவன் கொண்டுவந்த ஒன்பது சான்றுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்பதிலும் பாக்கி இல்லை. கோர்ட் எல்லாவற்றையும் துடைத்திருந்தது. எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பிர்காவிலேயே பாக்கி இல்லாத ஒரே ஆள் நீங்கதான். இத்தனை நாள் எங்க இருந்தீங்க?"

"கோர்ட்லங்க."

"நல்ல எடம். ஆனா ஆம்ப்ளிபயருக்குத் திட்டம் இல்ல. எருமைக்குத்தான் இருக்கு."

"எனக்கு எருமை மேய்க்கத் தெரியாதுங்களே."

"கடன் வாங்கத் தெரியுமில்ல?"

அப்போது பக்கத்து ஜன்னலில் பாப்பாயி நின்றிருந்தாள். அவளும் எருமைக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். கடையில் டீயும் போடுவதால், சொந்தமாகப் பால் இருந்தால் நாலு காசு மிஞ்சும் என்ற எண்ணம். குமாஸ்தா அவள் மனுவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் பெயர் ஒரு ஐ.பி. வழக்கில் வந்திருக்கிறது என்று காரணம் சொன்னார். செல்லக்கண்ணு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"சார், அந்தக் கேசு என்னோட கேசு. அந்தக்கா எனக்குக் கடன் குடுத்தவங்க. ஏமாந்தவங்க."

நல்லதம்பி சாந்தமாகச் சொன்னார். "நீங்க கோர்ட்டுக்குப் போய் விடுவிப்பு உத்தரவு வாங்கிட்டீங்க. இந்தம்மா வாங்கலையே. கேசுல பேரு அப்படியே நிக்குது. பேங்கு நடக்கறது பொதுமக்கள் பணத்துல. ஏமாந்தவங்கள நம்பி அதக் குடுக்க முடியுமா?"

பாப்பாயி மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அவனை நேருக்கு நேர் பார்த்தாள். "எளச்சுப் போயிட்டியே தம்பி" என்றாள். மனுவை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

கடன் வழங்கும் விழா பங்குனி வெயிலில் பந்தல் போட்டு நடந்தது. நல்லதம்பி பேசினார். "ஏழைகளுக்குக் கடன் கொடுக்க எங்கள் வங்கி ஒருநாளும் தயங்கியதில்லை. அவர்கள் ஏழை இல்லை என்று நிரூபித்தால் போதும். இதோ, இந்த செல்லக்கண்ணுவைப் பாருங்கள். ஒரு பைசா பாக்கி உண்டா இவருக்கு?" கூட்டம் கை தட்டியது. அதில் அவனுக்குக் கடன் கொடுத்திருந்த நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் தட்டினார்களா என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

எருமையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அமிர்தவல்லி எருமையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத எங்க கட்டப் போறீங்க?"

"நீயே சொல்லு."

"எனக்குத் தெரிஞ்சதுதான் ஒங்களுக்கும் தெரியுமே. நடங்க."

இருவரும் எருமையோடு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். பாப்பாயியின் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. செல்லக்கண்ணு கயிற்றை அங்கே கட்டினான். "பால வித்து மொதல்ல பேங்குத் தவணையக் கட்டுக்கா. மிஞ்சறது ஒனக்கு. அறநூறும் வட்டியும் தீர்ற வரைக்கும் நீயே வெச்சுக்க. அப்புறம் பாதிப் பாதி. தீனி போடுறது, கழுவுறது எல்லாம் நான் செய்யறேன்."

பாப்பாயி யோசித்தாள். "தவணையக் கட்டறதுக்கு நானே போறேன். ஒங் கையில குடுத்தா அது கோர்ட்டுக்குப் போயிரும்" என்றாள்.

கடனாளியின் வீட்டில்தான் எருமை இருக்க வேண்டும் என்பது விதி. வங்கியிலிருந்து பார்வையிட வரும் நாளில் செல்லக்கண்ணு எருமையைத் தன் வீட்டுக்கு ஓட்டி வருவான். ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் அது தானாகவே பாப்பாயி கடைக்கு நடந்துவிடும். நான்காவது தடவை வந்த அதிகாரி, "பயனாளி இல்லத்தில் உள்ளார். எருமை வேலைக்குச் சென்றுள்ளது" என்று எழுதிக்கொண்டு போனார்.

ஆனால் செல்லக்கண்ணு விடியும்போது புல்லுக்குப் போனான், மத்தியானம் ஏரிக்கு ஓட்டிப் போனான், சாயங்காலம் செட்டுக்கு வயர் இழுக்கப் போனான். நடக்க ஒரு காரணம் கிடைத்தபிறகு, தட்டோடு நடப்பது நின்றது. பாப்பாயி மாதம் பிறந்தால் வங்கி ஜன்னலில் நின்று பணம் கட்டி, அவன் பெயரில் ரசீது வாங்கி வந்தாள். முப்பத்தாறு தவணையில் ஒன்றுகூட தவறவில்லை. எப்படியோ சான்று சேர்த்துக் கொடுத்து முடித்த எண்பது கடனில் முழுசாகக் கட்டி முடிந்தது அது ஒன்றுதான்.

எண்பத்தொன்பதில் பாப்பாயி மாவாட்டும் கிரைண்டர் வாங்க வங்கிக்குப் போனாள். கை வலி தாங்கவில்லை. நல்லதம்பி அங்கேயே இருந்தார்.

"இதுக்கு முன்ன கடன் வாங்கிக் கட்டியிருக்கியாம்மா?"

"கட்டியிருக்கேங்க. மூணு வருசம் இந்த சன்னல்லதானே கட்டுனேன். நீங்கதான் சில்லற இல்லேன்னு திட்டுவீங்க."

"அது செல்லக்கண்ணு கடன். ஒம் பேர்ல ஒண்ணும் இல்லையே. கட்டின பழக்கமே இல்லாதவங்களுக்கு எப்படிக் குடுக்கறது? நல்ல பேர் உள்ள ஆளு யாராச்சும் ஜாமீன் போட்டா பாக்கலாம்."

செல்லக்கண்ணு வெளியே எருமையோடு நின்றிருந்தான். உள்ளே கூப்பிட்டார்கள். நல்லதம்பி எழுந்து நின்று அவனுக்கு நாற்காலி போட்டார். அவன் உட்காரவில்லை. காட்டிய மூன்று இடத்திலும் நின்றபடியே கையெழுத்துப் போட்டான்.

"இவரப் பாத்துக் கத்துக்கணும்மா. கடன்னா இப்பிடிக் கட்டணும்" என்றார் நல்லதம்பி.

"சரிங்க" என்றாள் பாப்பாயி. மைப் பெட்டியில் கட்டைவிரலைத் தொட்டுப் பத்திரத்தில் அழுத்தினாள்.

வெளியே வந்து இருவரும் நடந்தார்கள். எருமை முன்னால் போனது. பாப்பாயி விரலில் இருந்த மையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

"தம்பி, நீ கையெழுத்துப் போட்டியே. நான் கட்டலேன்னா ஒன்னையவா புடிப்பாங்க?"

"ஆமாக்கா. என்னையத்தான் புடிப்பாங்க."

அவள் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

"பயப்படாத. கட்டிப்புடுவேன். எனக்கு இந்தக் கோர்ட்டு வழியெல்லாம் தெரியாது."